கூட்டம் எவருடைய இடத்தில் நிகழ்கின்றது? லினக்ஸ் சொந்த வழங்கிவழிக் காணொலிக் கூட்டத்தின் வரலாறு (1992–2023)

ஆய்வுச் சுருக்கம்

பலர் ஒரே நேரத்தில் முகம் பார்த்து உரையாடும் இணையவழிக் காணொலிக் கூட்டத்திற்கு இடையில் ஒரு வழங்கி தேவைப்படுகின்றது. அவ்வழங்கி எவர் கையில் உள்ளதோ அவர் கையிலேயே கூட்டத்தின் ஒலி, காட்சி, பதிவு, வருகைக் குறிப்பு ஆகியவற்றின் மீதான அதிகாரமும் அமைகின்றது. 1992 முதல் 2023 வரை இவ்வழங்கி எவ்வாறு தோன்றியது, இடையில் ஏன் மறைக்கப்பட்டது, லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு நிறுவனம் அதனைத் தானே நிறுவிக்கொள்ளும் நிலை எக்காரணங்களால் உருவானது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கின்றது. சொந்த வழங்கி என்பது ஒரு மென்பொருளின் வெற்றியால் மட்டும் வாய்த்ததன்று. நெறிமுறை, உரிமம், சான்றிதழ், பொதித்தொகுப்பு முறை ஆகிய நான்கும் 2011–2016 காலப்பகுதியில் ஒன்றுகூடியதால் வாய்த்தது என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: காணொலிக் கூட்டம், வழங்கி, லினக்ஸ், கட்டற்ற மென்பொருள், வெப்ஆர்டிசி, ஜிட்சி, பிக்புளூபட்டன்.

முன்னுரை

2020 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட வழிகாட்டுதல்கள், முனைவர்ப் பட்ட வாய்மொழித் தேர்வைக் காணொலி வழியாக நடத்திக்கொள்ள இசைவளித்தன. பொது முடக்கக் காலத்தின் நெருக்கடியால் வந்த இசைவு அது. எனினும் அதற்குள் ஒரு வரலாற்றுச் சிக்கல் அடங்கியிருந்தது. வாய்மொழித் தேர்வு அதுவரை பல்கலைக்கழக வளாகத்தின் ஓர் அறையில் நிகழ்ந்தது. அறையின் திறவுகோல் துறையிடம் இருந்தது. வருகைப் பதிவேடும் துறையிடம் இருந்தது. காணொலிக்கு மாறியபோது அந்த ‘அறை’ வேறொரு நாட்டு நிறுவனத்தின் கணினிக்கு இடம்பெயர்ந்தது. தேர்வை நடத்தியது பல்கலைக்கழகம். தேர்வு நடந்த இடமோ பல்கலைக்கழகத்திற்கு உரியதன்று.

இம்மாற்றத்தைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் செயலிகளின் வசதி, கற்பித்தலின் தரம் ஆகியவற்றைப் பேசின. வழங்கியின் உடைமை பற்றிய வரலாற்று நோக்கு குறைவாகவே இடம்பெற்றது. ‘சொந்த வழங்கி’ என இங்குக் குறிக்கப்பெறுவது, ஒரு நிறுவனம் தன் பொறுப்பிலுள்ள லினக்ஸ் கணினியில் கட்டற்ற மென்பொருளைக் கொண்டு தானே நிறுவி, தானே பேணும் காணொலிக் கூட்ட வழங்கியாகும். அத்தகைய வழங்கியின் பின்னணியை ஆராய்வதற்கு, ‘இடையில் வழங்கி ஏன் வேண்டும்?’ என்னும் அடிப்படை வினாவிலிருந்து தொடங்குதல் பொருத்தமாகும்.

இடையீடு வேண்டாத வலையமைப்பு

இணையத்தில் பலர் கூடிப் பேசுவதற்கான தொடக்கக்கால முயற்சி, இடையில் வழங்கி எதுவும் இல்லாத ஓர் அமைப்பையே நாடியது. ஸ்டீவ் டீரிங் வகுத்த ‘பல்முனைப் பரப்பல்’ என்னும் முறை 1989-இல் ஆர்.எஃப்.சி. 1112 என்னும் ஆவணமாக வெளிவந்தது. பேசுபவர் தம் ஒலியை ஒரு முறை மட்டும் அனுப்புவார். வழியிலுள்ள வழிச்செலுத்திகள் தேவையான இடத்தில் மட்டும் அதனைப் படியெடுத்துக் கேட்போர் அனைவருக்கும் சேர்ப்பிக்கும் என்பது அதன் அடிப்படை.

1992 மார்ச்சு மாதத்தில் சாண்டியாகோ நகரில் கூடிய இணையப் பொறியியல் செயற்குழுவின் கூட்டம், இம்முறையில் மூன்று கண்டங்களிலுள்ள 20 இடங்களுக்கு ஒலிபரப்பப்பட்டது. அதிலிருந்து ‘எம்போன்’ என்னும் பெயரில் ஒரு மேலடுக்கு வலையமைப்பு வளர்ந்தது. அன்றைய வழிச்செலுத்திகள் பெரும்பாலும் பல்முனைப் பரப்பலை அறியாதவை. எனவே பல்கலைக்கழகங்களிலும் ஆய்வகங்களிலும் இருந்த யூனிக்ஸ் கணினிகள் சுரங்க இணைப்புகள் வழியாக ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டன. லாரன்சு பெர்க்லி ஆய்வகத்தில் வான் ஜேக்கப்சனும் ஸ்டீவன் மெக்கேனும் உருவாக்கிய ‘வேட்’ ஒலிக்கருவியும் ‘விக்’ காணொலிக் கருவியும் அதில் பயன்பட்டன. இம்முயற்சிகளின் பட்டறிவிலிருந்தே ஆர்.டி.பி. என்னும் நிகழ்நேர ஊடக நெறிமுறை உருவாகி, 1996 சனவரியில் ஆர்.எஃப்.சி. 1889 என வெளியிடப்பட்டது. இன்றைய காணொலிக் கூட்டங்களின் ஒலியும் காட்சியும் அந்நெறிமுறையின் வழிவந்த வடிவத்திலேயே பயணிக்கின்றன.

எம்போன் ஆய்வாளர் வட்டத்தைத் தாண்டிப் பரவவில்லை. பல்முனைப் பரப்பலுக்கு வழியிலுள்ள ஒவ்வொரு வலையமைப்பும் ஒத்துழைக்க வேண்டும். வணிக இணையச் சேவை நிறுவனங்களுக்கோ பிறர் அனுப்பும் ஓடையைத் தம் செலவில் படியெடுத்துத் தருவதற்கான ஆதாயம் புலப்படவில்லை. கட்டணம் கணக்கிடுவதும் நெரிசலைக் கட்டுப்படுத்துவதும் கடினமாயின. தொழில்நுட்பம் இயன்றும் அதனைத் தாங்கும் பொருளியல் அமையாமையே எம்போன் தேங்கியதற்கு முதன்மைக் காரணம் எனலாம்.

எதிரொளிப்பானும் கட்டுப்பாட்டகமும்

அதே 1992-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டிம் டார்சி ‘சியூ-சீமீ’ என்னும் மென்பொருளை மெக்கின்டாஷ் கணினிக்காக எழுதினார். சாம்பல் நிறச் சிறு படங்களை எளிய மேசைக் கணினியில் அனுப்பிப் பெறுவது அதன் நோக்கம். இருவர் நேரடியாக இணையலாம். பலர் இணைய வேண்டுமாயின் யூனிக்ஸ் கணினியில் இயங்கும் ‘எதிரொளிப்பான்’ என்னும் நிரல் தேவைப்பட்டது. ஒவ்வொருவரும் தம் படத்தை எதிரொளிப்பானுக்கு அனுப்புவர். அது மற்றவர்க்கெல்லாம் பிரித்தனுப்பும். வலையமைப்பு செய்ய மறுத்த படியெடுக்கும் பணியை ஒரு தனிக் கணினி ஏற்றுக்கொண்டது. பள்ளி, பல்கலைக்கழகம் என எந்த நிறுவனமும் தனக்கென ஓர் எதிரொளிப்பானை இயக்க முடிந்தது. அவ்வகையில் சொந்தக் காணொலிக் கூட்ட வழங்கியின் முன்னோடியாக இதனைக் கருதலாம்.

தொலைபேசித் துறையின் பாதை வேறாக அமைந்தது. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1996-இல் எச்.323 என்னும் நெறிமுறைத் தொகுதியை ஏற்றது. அதன் மையத்தில் ‘பல்முனைக் கட்டுப்பாட்டகம்’ நின்றது. அது அனைவரின் படங்களையும் பெற்று, பிரித்து, ஒரே படமாகக் கலந்து, மீண்டும் சுருக்கி அனுப்பியது. இதற்குப் பெருங்கணிப்பாற்றல் வேண்டியிருந்தமையால் கட்டுப்பாட்டகம் விலையுயர்ந்த தனிவன்பொருளாகவே விற்கப்பட்டது. கட்டற்ற மென்பொருளாளரும் இக்களத்தில் முயன்றனர். ‘ஓப்பன்எச்323’ திட்டம் அந்நெறிமுறையின் நிரலகத்தைத் திறந்த மூலமாக வழங்கியது. பெல்சியத்தில் டேமியன் சாண்ட்ராஸ் தம் பட்டப்படிப்புத் திட்டமாகத் தொடங்கிய ‘க்னோம்மீட்டிங்’, லினக்ஸ் மேசைக் கணினிக்குக் காணொலி அழைப்பைக் கொணர்ந்து, 2006-இல் ‘எகிகா’ எனப் பெயர் மாறியது.

இவ்விரு மரபுகளின் வேறுபாடு பிற்கால வரலாற்றுக்கு இன்றியமையாதது. எதிரொளிப்பான் வந்ததை வந்தபடியே பிரித்தனுப்பியது; கட்டுப்பாட்டகம் அனைத்தையும் அவிழ்த்துக் கலந்தது. முன்னது எளிய கணினியில் இயங்கும். பின்னதற்கு முதலீடு வேண்டும். 1990-களின் இறுதியில் பின்னதே தொழில்தரமாக நிலைபெற்றது. காணொலிக் கூட்டம் பெருநிறுவனங்களின் சிறப்பறைக்குள் ஒடுங்கியது.

மறைந்துபோன நேர்வழி

இதே காலத்தில் இணையத்தின் முகவரி அமைப்பிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. ஐ.பி. முகவரிகளின் பற்றாக்குறையைச் சமாளிக்க, ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல கணினிகளை வைக்கும் முகவரி மாற்ற முறை 1994-இல் ஆர்.எஃப்.சி. 1631 ஆவணத்தில் விளக்கப்பட்டது. இணையதளங்களைப் பார்ப்பதற்கு இது இடையூறாகவில்லை. ஆனால் வெளியிலிருந்து ஒரு கணினி இன்னொரு கணினியை நேரடியாக அழைக்கும் வழி பெரிதும் அடைபட்டது. நிறுவனங்களின் தீச்சுவர்கள் எஞ்சிய வழியையும் குறுக்கின. காணொலி அழைப்பு இதனால் பெரிதும் பாதிக்கப்பட்டது.

2003 ஆகஸ்டில் வெளிவந்த ஸ்கைப், இத்தடையைத் திறமையாகக் கடந்தது. பயனர்களின் கணினிகளுள் தக்கவற்றையே ‘மீக்கணு’க்களாகத் தேர்ந்து, அவற்றின் வழியாக மற்றவரை இணைத்தது. மையத்தில் வழங்கி இல்லாதது போன்ற தோற்றம் எழுந்தது. அதன் நெறிமுறையோ மூடிய ஒன்று. எவரும் தமக்கென ஒரு ஸ்கைப் வழங்கியை நிறுவ இயலாது. 2011-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 850 கோடி டாலருக்கு அதனை வாங்கியது. 2012-இல் பயனர் கணினிகளிலிருந்த மீக்கணுக்களின் இடத்தை அந்நிறுவனத்தின் லினக்ஸ் வழங்கிகள் எடுத்துக்கொண்டன. 2025 மே மாதத்தில் ஸ்கைப் சேவை நிறுத்தப்பட்டது. உடைமையாளர் மாறினால் கட்டமைப்பு மாறும். உடைமையாளர் விரும்பினால் சேவையே முடியும் என்பதற்கு இது தெளிவான சான்றாகும்.

திறந்த நெறிமுறைகளின் தரப்பில், முகவரி மாற்றத் தடையைக் கடக்கும் ஸ்டன், டர்ன், ஐஸ் ஆகிய மூன்று முறைகளும் படிப்படியாக உருப்பெற்றன. ஸ்டன் 2003-இலும், டர்ன், ஐஸ் ஆகிய இரண்டும் 2010-இலும் ஆர்.எஃப்.சி. ஆவணங்களாயின. நேர்வழி கிட்டாதபோது டர்ன் வழங்கி ஊடகத்தை இடைநின்று கடத்தும். இடையீடின்றி இணையலாம் என்னும் தொடக்ககால எண்ணம், 2010-க்குள் நெறிமுறை அளவிலேயே கைவிடப்பட்டது என்பதை இது காட்டுகின்றது.

உலாவிக்குள் நுழைந்த காணொலி

2010-இல் கூகுள் நிறுவனம் இரு நிறுவனங்களை வாங்கியது. ஒன்று, விபி8 என்னும் காணொலிச் சுருக்க முறைக்கு உரிய ஆன்2. மற்றொன்று, ஒலி, காட்சி ஆகியவற்றின் நிகழ்நேரச் செயலாக்கத்தில் தேர்ந்த குளோபல் ஐபி சொல்யூஷன்ஸ். விபி8 அவ்வாண்டே திறந்த மூலமாக்கப்பட்டது. மற்றதன் நிரல் 2011-இன் நடுவில் ‘வெப்ஆர்டிசி’ என்னும் பெயரில் வெளியிடப்பட்டது. தனி மென்பொருளோ செருகுநிரலோ இன்றி, உலாவியே ஒளிப்படக் கருவியையும் ஒலிவாங்கியையும் இயக்கிக் காணொலி அழைப்பை நடத்தலாம் என்னும் நிலை இதனால் ஏற்பட்டது. 2013 பிப்ரவரியில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் ஆகிய இரு உலாவிகளுக்கிடையே அழைப்பு நிகழ்த்திக் காட்டப்பட்டது. எந்தச் சுருக்க முறை கட்டாயமாக்கப்பட வேண்டும் என்னும் நீண்ட பூசல், 2014 நவம்பரில் விபி8, எச்.264 ஆகிய இரண்டையும் உலாவிகள் ஏற்க வேண்டும் என்னும் உடன்பாட்டில் தணிந்தது. 2021 சனவரியில் வெப்ஆர்டிசி முறையான உலகளாவிய வலைத்தரமாக அறிவிக்கப்பட்டது.

வெப்ஆர்டிசி இருவர் அழைப்பையே அடிப்படையாகக் கொண்டது. பலர் கூடும்போது ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவருக்கும் தனித்தனியே படம் அனுப்ப வேண்டும். பத்துப் பேர் கூடினால் 45 இணைப்புகள். ஒவ்வொருவரின் கணினியும் ஒன்பது முறை படத்தை வெளியேற்ற வேண்டும். வீட்டு இணைய இணைப்பு இதனைத் தாங்காது. எனவே வழங்கி மீண்டும் இடையில் வந்தது. இம்முறை வந்தது அனைத்தையும் கலக்கும் கட்டுப்பாட்டகமன்று. எதிரொளிப்பானின் வழித்தோன்றலான ‘தெரிந்து அனுப்பும் அலகு’. அது படங்களைக் கலப்பதில்லை. எவருக்கு எந்த ஓடை, எந்த அளவில் தேவை எனத் தெரிந்து அனுப்புகின்றது. பங்கேற்பாளரின் கணினி பெரிய, நடுத்தர, சிறிய அளவுகளில் ஒரே படத்தை அனுப்ப, வழங்கி அவற்றுள் தக்கதைப் பார்ப்போரின் இணைய வேகத்திற்கேற்பத் தேர்கின்றது. கலக்கும் சுமை நீங்கியமையால், தனிவன்பொருள் தேவைப்பட்ட இடத்தில் சாதாரண லினக்ஸ் கணினி போதுமானதாயிற்று.

இக்கட்டத்தில் சான்றிதழும் ஒரு வரலாற்றுக் காரணியாகின்றது. 2015 டிசம்பரில் வெளிவந்த குரோம் 47, மறையாக்கம் செய்யப்பட்ட தளங்களுக்கு மட்டுமே ஒளிப்படக் கருவியைத் திறக்கும் கட்டுப்பாட்டைக் கொணர்ந்தது. அதுவரை தளச் சான்றிதழ் பெரும்பாலும் விலைக்கு வாங்கப்படுவதாகவே இருந்தது. அதே மாதத்தில் ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ அமைப்பு, 90 நாள் செல்லுபடியாகும் சான்றிதழ்களைக் கட்டணமின்றித் தன்னியக்கமாக வழங்கும் சேவையைப் பொதுமக்களுக்குத் திறந்தது. ஒரு கதவு அடைபட்ட மாதத்திலேயே அதன் திறவுகோலும் பொதுவுடைமையானது. இந்நிகழ்வு நேரவில்லையெனில் சிறு நிறுவனங்களின் சொந்தக் காணொலி வழங்கிகள் பெருகியிருத்தல் அரிது.

இரு மென்பொருள்களின் வளர்ச்சி

லினக்ஸ் சொந்த வழங்கிகளில் பெருவழக்காயுள்ள இரண்டும் பல்கலைக்கழகங்களில் பிறந்தவை என்பது குறிப்பிடத்தக்கது.

ஸ்திராஸ்பூர் பல்கலைக்கழக மாணவராயிருந்த எமில் இவோவ் 2003-இல் ‘சிப் கம்யூனிகேட்டர்’ என்னும் மேசைக்கணினிச் செயலியைத் தொடங்கினார். அது 2011-இல் ‘ஜிட்சி’ எனப் பெயர் பெற்றது. பல்கேரிய மொழியில் இச்சொல் கம்பிகளைக் குறிக்கும். 2013-இல் தெரிந்து அனுப்பும் அலகாக ‘ஜிட்சி வீடியோபிரிட்ஜ்’ உருவானது. அதன்மேல் உலாவிவழி இயங்கும் ‘ஜிட்சி மீட்’ எழுந்தது. இவோவ் நிறுவிய புளூஜிம்ப் நிறுவனத்தை 2015-இல் அட்லாசியன் வாங்கியது. அதனையொட்டி மென்பொருளின் உரிமம் எல்ஜிபிஎல்லிலிருந்து அப்பாச்சி 2.0-க்கு மாறியது. 2018 அக்டோபரில் அது 8x8 நிறுவனத்திற்குக் கைமாறியது. உடைமை இருமுறை மாறியும் சொந்த வழங்கிகள் இடையூறின்றித் தொடர்ந்தன. மூலநிரலின் உரிமம் வாங்குவோரால் திரும்பப் பெற இயலாததாக இருந்தமையே அதற்குக் காரணம். ஸ்கைப்பின் வரலாற்றோடு இதனை ஒப்பிட்டால் உரிமத்தின் வரலாற்று ஆற்றல் விளங்கும்.

‘பிக்புளூபட்டன்’ 2007-இல் கனடாவின் ஒட்டாவா நகரிலுள்ள கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. தொலைவிலிருந்து வகுப்பெடுப்பதற்கான வணிக மென்பொருளின் செலவைத் தவிர்க்கும் முயற்சியாக அது முளைத்தது. பெரிய நீலப் பொத்தானொன்றை அழுத்துவது போலக் கூட்டம் எளிதில் தொடங்க வேண்டும் என்பது பெயரின் கருத்து. வெண்பலகை, கருத்துக்கணிப்பு, சிற்றறைகள், பதிவு என ஆசிரியரின் தேவைகளைச் சுற்றியே அது வளர்ந்தது. முதலில் ஃபிளாஷ் தொழில்நுட்பத்தில் அமைந்திருந்த அதன் முகப்பு, பின்னர் எச்டிஎம்எல்5-க்கு மாற்றி எழுதப்பட்டது. 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷ் முடிவுக்கு வருமெனும் அறிவிப்பு இம்மாற்றத்தை விரைவுபடுத்தியது. 2022-இல் வெளிவந்த மூடுல் 4.0 கற்றல் மேலாண்மை மென்பொருளில் பிக்புளூபட்டன் இயல்பான ஓர் உறுப்பாகவே சேர்க்கப்பட்டது.

நிறுவல் நடைமுறை ஓர் ஆவணமாக

ஜிட்சி மீட் வழங்கியைத் தெபியான் அல்லது உபுண்டு லினக்ஸில் நிறுவும் நடைமுறையை வரலாற்று ஆவணமாகவும் வாசிக்கலாம். அகழாய்வுக் குழியின் மண்ணடுக்குகள் போல அதன் ஒவ்வொரு படியிலும் ஒரு காலத்தின் படிவு உள்ளது.

முதற்படி, பொது ஐ.பி. முகவரியும் அதனைச் சுட்டும் களப்பெயரும் பெறுதல். முகவரிப் பற்றாக்குறையின் விளைவாக, பொது முகவரி என்பது தனியே கேட்டுப் பெற வேண்டிய பொருளாகிவிட்டதை இப்படி உணர்த்துகின்றது. வழங்கி நிறுவனத்தின் உள்வலைக்குள் இருப்பின், உள்முகவரி எது, வெளிமுகவரி எது என்பதை அமைப்புக் கோப்பில் தனியே குறிக்க வேண்டும். இதனைத் தவறவிட்டால் இருவர் பேச இயலும். மூன்றாமவர் நுழைந்தவுடன் படமும் ஒலியும் நின்றுவிடும். இருவர் மட்டும் உள்ளபோது ஜிட்சி அவர்களை நேரடியாக இணைப்பதும், மூன்றாமவர் வந்ததும் ஊடகத்தை வழங்கிக்கு மாற்றுவதுமே இதன் காரணம்.

இரண்டாம் படி, தீச்சுவரில் வழிகளைத் திறத்தல். 80, 443 ஆகிய டிசிபி எண்கள் வலைப்பக்கத்திற்கும் சான்றிதழுக்கும் உரியவை. 10000 என்னும் யுடிபி எண் ஊடக ஓடைக்கு உரியது. தாமதமாக வரும் பொதிக்காகக் காத்திராத யுடிபியைத் தெரிவு செய்தல், எம்போன் காலத்து ஆர்.டி.பி. மரபின் தொடர்ச்சியாகும். யுடிபி அடைக்கப்பட்ட அலுவலகங்களிலிருந்து வருவோர்க்காக ‘கோடர்ன்’ என்னும் டர்ன் வழங்கி உடன் நிறுவப்படுகின்றது.

மூன்றாம் படி, மென்பொருள் களஞ்சியத்தைச் சேர்த்துப் பொதித்தொகுப்பை நிறுவுதல். ஒரே கட்டளையில் நான்கு உறுப்புகள் வந்தமைகின்றன. என்ஜின்எக்ஸ் வலைப்பக்கத்தை வழங்குகின்றது. புரோசோடி, எக்ஸ்எம்பிபி நெறிமுறையில் பங்கேற்பாளரின் வருகையையும் செய்தியையும் கையாள்கின்றது. 1999-இல் ஜாபர் என்னும் பெயரில் அறிமுகமான உடனடிச் செய்தி மரபின் படிவு இது. ஜிகோஃபோ கூட்டத்தை ஒருங்கிணைக்கின்றது. வீடியோபிரிட்ஜ் ஊடகத்தைத் தெரிந்து அனுப்புகின்றது. 1990-களில் தெபியான் வளர்த்தெடுத்த சார்புநிலை மேலாண்மை இல்லையெனில், இந்நான்கையும் தனித்தனியே தொகுத்துப் பிணைப்பது வல்லுநர்க்கும் நெடும்பணியாகும்.

நான்காம் படி, சான்றிதழ் பெறுதல். ஐந்தாம் படி, எவர் அறை திறக்கலாம் என வரையறுத்தல். இயல்புநிலையில் ஜிட்சி எவரையும் அறை திறக்க விடும். நிறுவனம் விரும்பின் புரோசோடியில் கணக்குகளை உருவாக்கி, கணக்குள்ளவரே அறை திறக்க, மற்றவர் விருந்தினராக நுழைய வகைசெய்யலாம். இந்த ஐந்தாம் படியில்தான் தொழில்நுட்ப நடைமுறை நிர்வாக முடிவாக மாறுகின்றது. வளாகத்து அறையின் திறவுகோல் எவரிடம் இருக்க வேண்டும் என்னும் பழைய வினாவே இங்கு அமைப்புக் கோப்பின் ஒரு வரியாக எழுகின்றது.

2020: சோதனைக் காலம்

சூம் நிறுவனத்தின் கணக்கின்படி, அதன் நாள்தோறும் கூட்டப் பங்கேற்புகள் 2019 டிசம்பரில் ஏறத்தாழ 1 கோடி. 2020 மார்ச்சில் 20 கோடியைக் கடந்தன. இவ்விரைவு உடைமை வினாவை அரசுகளின் முன் நிறுத்தியது. 2020 ஏப்ரலில் இந்திய உள்துறை அமைச்சகம், சூம் பாதுகாப்பான தளமன்று எனவும் அரசு அலுவலர் அலுவல் நோக்கில் அதனைப் பயன்படுத்தலாகாது எனவும் அறிவுறுத்தியது. அதே மாதத்தில் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் உள்நாட்டுக் காணொலிக் கூட்ட மென்பொருளுக்கான போட்டியை அறிவித்தது. கேரளத்தின் ஆலப்புழையைச் சார்ந்த டெக்ஜென்சியா நிறுவனம் ஆகஸ்டில் அதில் வென்று 1 கோடி ரூபாய் நிதி பெற்றது.

ஐரோப்பாவில் 2020 சூலை 16 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், அமெரிக்காவிற்குத் தனிமனிதத் தரவுகளை அனுப்புவதற்கு அடிப்படையாயிருந்த ‘தனியுரிமைக் கேடயம்’ ஏற்பாட்டைச் செல்லாததாக்கியது. செருமனி, பிரான்சு ஆகிய நாடுகளின் கல்வி நிறுவனங்களில் பிக்புளூபட்டன், ஜிட்சி வழங்கிகள் பரவலாக நிறுவப்பட்டதற்கு இச்சட்டச் சூழலும் உறுதுணையாயிற்று.

உடைமையின் முதன்மையை உணர்த்தும் சான்று அமெரிக்காவிலிருந்தே வந்தது. சூம் ‘முனைக்கு முனை மறையாக்கம்’ உண்டென அறிவித்திருந்தும், கூட்டங்களின் மறைத்திறவுகளைத் தானே வைத்திருந்தது என அந்நாட்டுக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2020 நவம்பரில் குற்றஞ்சாட்டியது. அது உடன்பாட்டில் முடிந்தது. இங்கு ஒரு தொழில்நுட்ப உண்மையைக் கூறுதல் வேண்டும். வெப்ஆர்டிசியில் மறையாக்கம் கட்டாயமே. ஆயினும் தெரிந்து அனுப்பும் அலகு இடையில் நிற்கும்போது, பங்கேற்பாளருக்கும் வழங்கிக்கும் இடையில்தான் அம்மறையாக்கம் அமைகின்றது. வழங்கியின் நினைவகத்தில் ஊடகம் அவிழ்கின்றது. 2020-க்குப் பின் ஜிட்சி முதலியவை, வழங்கியாலும் அவிழ்க்க இயலாத மேலடுக்கு மறையாக்கத்தைச் சேர்த்துள்ளன. அது இயக்கப்படாத கூட்டங்களில் வழங்கியை ஆள்பவர் கூட்டத்தைக் கேட்கவும் வல்லவர். சூமிற்குப் பொருந்தும் இவ்வுண்மை, பல்கலைக்கழகத்தின் சொந்த வழங்கிக்கும் பொருந்தும். சொந்த வழங்கி நம்பிக்கையின் தேவையை நீக்கவில்லை. நம்பப்பட வேண்டியவரை அயல் நிறுவனத்திலிருந்து வளாகத்தின் கணினி மையத்திற்கு மாற்றியது.

சொந்த வழங்கியின் எல்லைகள்

கட்டணமில்லா மென்பொருள் செலவில்லா வழங்கியாகாது. முப்பது பேர் அனைவரும் காட்சியை இயக்கி, ஒவ்வொருவரும் மற்ற அனைவரையும் காணும் வகுப்பில், வழங்கி 870 ஓடைகளை வெளியனுப்ப வேண்டும். ஓர் ஓடை நொடிக்கு 1 மெகாபிட் எனக் கொண்டாலும் 870 மெகாபிட் வேகம் தேவை. அளவு குறைந்த ஓடைகளைத் தெரிவதாலும், அண்மையில் பேசியோரின் படங்களை மட்டும் அனுப்புவதாலும் இச்சுமை பெரிதும் குறையும், ஆனால் நீங்காது.

பேணுதல் இரண்டாம் சிக்கல். பிக்புளூபட்டன் 2.2 உபுண்டு 16.04-ஐச் சார்ந்திருந்தது. அவ்விங்குதளத்தின் இயல்பான பாதுகாப்பு ஆதரவு 2021 ஏப்ரலில் முடிந்தது. 2020-இன் நெருக்கடியில் நிறுவப்பட்ட வழங்கிகள் ஓராண்டுக்குள் புதிய இயங்குதளத்தில் மீண்டும் நிறுவப்பட வேண்டியவையாயின. நிறுவுதல் ஒரு நாட்பணி. பேணுதல் பணியிடம் கோரும் பணி. தற்காலிக ஆர்வலரை நம்பிய வழங்கி அவர் விலகியதும் பாதுகாப்பற்றதாகும்.

மூன்றாவது, உடைமையின் அளவு. வாடகை மேகக் கணினியில் நிறுவப்பட்ட வழங்கியில் மென்பொருள் நிறுவனத்திற்கு உரியது, வன்பொருள் உரியதன்று. எனவே உடைமையை மென்பொருள், வன்பொருள், வலையிணைப்பு, பேணும் ஆள் எனப் பகுத்துக் காண்பதே பொருந்தும்.

இவ்வெல்லைகள் சொந்த வழங்கியின் தேவையைக் குறைக்கவில்லை. 2023 ஆகஸ்டில் ஜிட்சியின் பொதுச் சேவையில் அறை திறப்போர் கூகுள், கிட்ஹப், ஃபேஸ்புக் கணக்குகளுள் ஒன்றால் உள்நுழைய வேண்டும் என்னும் விதி வந்தது. தீய நோக்கினர் பெயர் மறைத்துப் பயன்படுத்தியதைத் தடுக்க எழுந்த விதி அது. அதே மென்பொருளைத் தம் வழங்கியில் இயக்கியோரை அவ்விதி தீண்டவில்லை. கட்டற்ற மென்பொருளைப் பிறர் வழங்கியில் பயன்படுத்துவதற்கும் தம் வழங்கியில் இயக்குவதற்கும் உள்ள இடைவெளியை இந்நிகழ்வு வெளிப்படையாக்கியது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. பல்முனைப் பரப்பலும் பயனர் கணினிப் பிணைப்பும் வழங்கியைத் தவிர்க்க முயன்றன. முன்னதைப் பொருளியலும், பின்னதை முகவரி அமைப்பும் உடைமை மாற்றமும் தளர்த்தின. எதிரொளிப்பானில் தோன்றிய பிரித்தனுப்பும் முறை, இருபதாண்டுகள் கழித்துத் தெரிந்து அனுப்பும் அலகாக மீண்டு, காணொலிக் கூட்டத்தைத் தனிவன்பொருளிலிருந்து விடுவித்தது. உலாவித் தரம், திரும்பப்பெற இயலாத உரிமம், கட்டணமில்லாச் சான்றிதழ், லினக்ஸ் பொதித்தொகுப்பு ஆகிய நான்கின் கூட்டு விளைவே இன்றைய சொந்த வழங்கி. இவற்றுள் எதுவும் சொந்த வழங்கியை மட்டும் கருதி உருவாக்கப்பட்டதன்று.

வாய்மொழித் தேர்வும், ஆய்வுக்குழுக் கூட்டமும், வெளியிடப்படாத ஆய்வு முடிவுகளைப் பேசும் கருத்தரங்கும் இணையவழியில் நிகழும் வழக்கம் நெருக்கடிக் காலத்துடன் முடியவில்லை. அவற்றின் பதிவுகள் எங்கே சேமிக்கப்படுகின்றன, எவ்வளவு காலம் இருக்கும், எவர் அழிக்கலாம் என்னும் வினாக்களுக்கு ஒவ்வொரு பல்கலைக்கழகமும் விடை வகுத்தாக வேண்டும். எல்லாக் கூட்டங்களுக்கும் சொந்த வழங்கி வேண்டுவதில்லை. பெருந்திரள் கூடும் பொதுச் சொற்பொழிவுக்கு வணிகச் சேவை போதும். தேர்வு, மதிப்பீடு, மறைகாப்புக்குரிய ஆய்வுரையாடல் ஆகியவற்றுக்கேனும் சிறியதொரு சொந்த வழங்கியும், அதனைப் பேணுவதற்கு ஒரு நிரந்தரப் பணியிடமும் ஒதுக்குவது நூலகத்திற்கு நூலகர் ஒதுக்குவதை ஒத்த கல்விக் கடமையாகும்.